வெட்டிய முகத்துவாரம்

பண்டைய மத்தியதரைக் கடலுலகில் நாடு பிடித்தலும் பேரரசு கட்டலும் எப்படி நடந்தன என்பது எனக்குத் தரப்பட்ட பொருள். உரோமாபுரியிலிருந்து தொடங்குவதே வழக்கம். மட்டக்களப்பில் நின்று பேசுகிறவன் வாவியிலிருந்து தொடங்கினால் குற்றமாகாது. மாரி பெருத்த ஆண்டுகளில் வாவி நிரம்பி அதன் மேற்குக் கரையான படுவான்கரை வயல்களுக்குள் ஏறுகிறது. வேளாண்மை மூழ்கப்போகிறது, முகத்துவாரத்து மணல்மேட்டை வெட்டிவிடுங்கள் என்று விவசாயிகள் கேட்கிறார்கள். இப்போதே வெட்டினால் மீனும் இறாலும் கடலோடு போய்விடும் என்று மீனவர்கள் தடுக்கிறார்கள். இரு பக்கத்து நியாயமும் இந்த அவைக்குத் தெரிந்ததே. வெட்டியபின் நடப்பதைத்தான் நான் கவனிக்கச் சொல்கிறேன். தொடங்குவதற்கு ஒரு சிறு வாய்க்கால் போதும். அதன் பிறகு அகலத்தையும் ஆழத்தையும் நீரே முடிவு செய்கிறது. வெள்ளம் வடிந்ததும் அதே வாயால் உப்புத் தண்ணீர் உள்ளே வருகிறது. அதை மூடுவதும் வெட்டியவர் கையில் இல்லை. அலை மணலைக் கொண்டுவந்து போடும்வரை காத்திருக்க வேண்டும்.

பேரரசுகள் எப்படி வளர்ந்தன என்று கேட்டால் பள்ளிப் புத்தகம் போர்களின் பட்டியலைத் தருகிறது. கன்னே, சாமா, பிட்னா, அலேசியா என்று களங்களை மனப்பாடம் செய்கிறோம். அந்தப் போர்களுக்கு முன்னும் பின்னும் எழுதப்பட்ட உடன்படிக்கைகளைப் படித்தால் கதை வேறு விதமாகத் தெரிகிறது. ஒரு நாட்டுக்குள் ஏற்கெனவே சண்டை நடக்கிறது. சண்டையிடும் ஒருவர் வெளியாரை உதவிக்கு அழைக்கிறார். உதவிக்கு ஒரு விலை எழுதப்படுகிறது. அந்த விலை என்ன என்று விளக்கம் சொல்லும் உரிமை கொஞ்சம் கொஞ்சமாக உதவ வந்தவர் கைக்குப் போய்விடுகிறது. நாடு கைமாறுவது அந்த நான்காவது படியில்தான் என்பதே இந்த உரையில் நான் நிறுவ விரும்புவது. இதற்கான மிகத் தெளிவான சான்றுகளில் ஒன்று இந்த வாவிக்கரையிலேயே, 1638ஆம் ஆண்டு மே மாதத்தில் எழுதப்பட்டது.

அந்த மே மாதத்துக்குக் கொஞ்சம் முன்னால் போகவேண்டும். கண்டி அரசிடம் மலை இருந்தது, காடு இருந்தது, நன்றாகச் சண்டையிடத் தெரிந்த ஆட்கள் இருந்தார்கள். கப்பல் இல்லை. போர்த்துக்கேயரைக் காட்டுக்குள் இழுத்து அழிக்க அவர்களால் முடிந்தது. 1630இல் ரந்தெனிவெலவில் தளபதி கொன்ஸ்தந்தீனோ டி சா மாண்டார், 1638 மார்ச்சில் கன்னொறுவையில் தியோகோ டி மெலோ மாண்டார். ஆனால் தோற்ற படை போனாலும் கடற்கரைக் கோட்டை போகாது. கோவாவிலிருந்து அடுத்த கப்பல் வரும். டி சா 1620களில் திருகோணமலையிலும் மட்டக்களப்பின் புளியந்தீவிலும் கோட்டை கட்டியதன் நோக்கமே கண்டிக்குக் கிழக்கில் மிஞ்சியிருந்த கடல்வாசல்களை அடைப்பதுதான். எனவே கப்பல் வைத்திருக்கும் எவரையாவது தேடுவது கண்டியின் தலையாய கவலையாயிற்று. 1602இல் ஒல்லாந்தக் கடலோடி ஸ்பில்பேர்கன் மட்டக்களப்பில் இறங்கிக் கண்டிக்குப் போனார், மன்னன் விமலதர்மசூரியன் அவரை மகிழ்ந்து வரவேற்றான். அடுத்த ஆண்டே செபால்ட் டி வேர்ட் என்ற ஒல்லாந்தத் தளபதி இதே கரையில், பிடித்த போர்த்துக்கேயரை விடுவித்துவிட்டார் என்ற மனத்தாங்கலில் எழுந்த சச்சரவில் வெட்டிக் கொல்லப்பட்டார். நண்பனின் எதிரி யார் என்பதில் நண்பர்கள் இருவரும் ஒத்துப்போவதில்லை என்ற பாடம் அப்போதே கிடைத்திருந்தது. அப்படியும் தேடல் நிற்கவில்லை. செனரத் மன்னனின் தூதராகப் போன பொஷோவர் டென்மார்க் வரை சென்று அங்கிருந்து ஒரு கப்பற்படையை வரவழைத்தார். 1620இல் டேனியர் வந்து சேர்ந்தார்கள், பயனில்லாமல் திரும்பினார்கள். அழைப்பு என்பது ஒரு மன்னனின் ஒரு நாள் தவறு அல்ல என்பதற்காக இதையெல்லாம் சொல்கிறேன். ஒரு நாற்பது ஆண்டு அரசியல் அந்த ஒரே குறையைச் சுற்றிச் சுழன்றது.

கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கன் அழைத்தபோது ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனி வந்தது. தளபதி வெஸ்டர்வோல்டின் கப்பல்கள் கடலிலும் மன்னனின் படை கரையிலும் நிற்க, 1638 மே 18இல் புளியந்தீவுக் கோட்டை சரணடைந்தது. ஐந்து நாள் கழித்து, மே 23இல், உடன்படிக்கை கையொப்பமாயிற்று. கம்பனியின் செலவை மன்னன் கறுவா, மிளகு, மெழுகு போன்ற பண்டங்களால் ஈடுசெய்ய வேண்டும். வணிகம் கம்பனிக்கே உரியது. பிடிபடும் கோட்டைகளில் கம்பனியின் காவற்படை இருக்கும். இந்தக் கடைசி விதியில்தான் முள் இருந்தது. மன்னன் விரும்பினால் மட்டுமே அங்கே காவற்படை வைக்கலாம் என்ற நிபந்தனை மன்னனிடம் இருந்த போர்த்துக்கேய மொழிப் படியில் இருந்தது, கம்பனியின் ஒல்லாந்த மொழிப் படியில் இல்லை. கோட்டைகளை ஏன் ஒப்படைக்கவில்லை என்று மன்னன் கேட்கும் ஒவ்வொரு தடவையும் இரு தாள்களும் எதிரெதிரே வைக்கப்பட்டன. ஆனால் கோட்டைக்குள் இருந்தது ஒரு தாளை வைத்திருந்தவர்கள்தான். வரலாற்றாசிரியர் கே. டபிள்யூ. குணவர்தன 1958இல் வெளியிட்ட நூலில் இந்தப் படிகளின் வேறுபாட்டை விரிவாக ஆராய்ந்திருக்கிறார். சிறு சொற்றொடர் ஒன்று விடுபட்டதில் ஒரு தீவின் கரையோரம் முழுவதும் கைமாறியது என்று சொன்னால் மிகைதான். விடுபட்ட சொற்றொடரின் பொருளைத் தீர்மானிக்க இரு தரப்புக்கும் பொதுவான நடுவர் எவரும் இல்லை என்பது மிகையல்ல.

இனி மத்தியதரைக் கடலுக்குப் போவோம். கி.மு. 211ஆம் ஆண்டு. உரோமர் கார்த்தேஜின் தளபதி ஹனிபாலோடு உயிர்ப்போராட்டத்தில் இருக்கிறார்கள். கிரேக்க நாட்டின் மேற்கே ஏத்தோலியர் என்ற கூட்டாட்சி மக்கள் மக்கெதோனிய அரசன் ஐந்தாம் பிலிப்புக்கு எதிராகத் துணை தேடுகிறார்கள். கிரேக்க மண்ணில் காலடி வைக்க உரோமருக்கு ஒரு காரணம் வேண்டும். இருவரும் ஒப்பந்தம் செய்கிறார்கள்: பிடிபடும் நகரும் நிலமும் ஏத்தோலியருக்கு, எடுத்துச்செல்லக்கூடிய கொள்ளைப்பொருள் உரோமருக்கு. இதன் ஒரு பகுதி அக்கார்நானியாவில் தைரியோன் என்ற இடத்தில் கல்வெட்டாகவே கிடைத்திருக்கிறது. நிலம் வேண்டாம், பொருள் போதும் என்று சொல்லும் கூட்டாளியைவிட நல்லவர் யார்? கறுவா போதும் என்று சொன்ன கம்பனியும் அப்படித்தான் தெரிந்தது. கி.மு. 197இல் பிலிப் தோற்றபின் ஏத்தோலியர் தங்கள் நகரங்களைக் கேட்டார்கள். உரோமத் தளபதி பிளமினினஸ் மறுத்தார். நீங்கள் இடையில் பிலிப்போடு தனியாகச் சமாதானம் செய்துகொண்டீர்கள், ஒப்பந்தம் அப்போதே முறிந்தது. அது முறியவில்லை என்றாலும், படையெடுத்துப் பிடித்த நகரங்களைப் பற்றித்தான் அது பேசுகிறது, தாமாகச் சரணடைந்தவற்றைப் பற்றி அல்ல என்றார். காலியும் நீர்கொழும்பும் 1640இல் விழுந்தபின் இராஜசிங்கனுக்குக் கிடைத்த பதில், கடனைத் தீர்த்தால் தருகிறோம் என்பது. கடனின் கணக்கை எழுதியது கம்பனி. இரு மறுமொழிகளுக்கும் இடையில் பதினெட்டு நூற்றாண்டுகள் இருக்கின்றன. வழக்கறிஞர் ஒருவரே என்று தோன்றும்.

ஏத்தோலியரின் கதை அதோடு முடியவில்லை. ஏமாற்றமடைந்த அவர்கள் அடுத்துச் சிரியாவின் அந்தியோக்கஸை அழைத்தார்கள். இஞ்சி கொடுத்து மிளகாய் வாங்கினாற்போல என்று சிங்கள மக்கள் போர்த்துக்கேயரையும் ஒல்லாந்தரையும் பற்றிச் சொல்வதை ஏத்தோலியரும் சொல்லியிருக்கலாம். அந்தியோக்கஸ் தோற்றதும், கி.மு. 191இல், அவர்கள் உரோமத் தளபதி கிளாப்ரியோவிடம் சமாதானம் கேட்டுப் போனார்கள். உரோமரின் 'பிஸ்டிஸ்', அதாவது நம்பிக்கையின் பொறுப்பில் எங்களை ஒப்படைக்கிறோம் என்று கிரேக்கத்தில் சொன்னார்கள். இரக்கத்தை வேண்டும் சொல் அது என்று நினைத்தார்கள். இலத்தீனில் 'ஃபிடெஸ்' பொறுப்பில் ஒப்படைப்பது நிபந்தனையற்ற சரண். தளபதி உடனே ஆளைக் கொடு, பேரைக் கொடு என்று கட்டளையிடத் தொடங்கினார். தயங்கிய தூதருக்கு இரும்புச் சங்கிலியைக் கொண்டுவரச் சொன்னார். கிரேக்க வரலாற்றாசிரியர் பொலிபியஸ் இந்தக் காட்சியை எழுதியிருக்கிறார். இரு சொற்களுக்கும் இடையிலான வேறுபாடு அவர் காட்டுமளவுக்குப் பெரிதல்ல என்று இக்கால ஆய்வாளர் சிலர் வாதிடுகிறார்கள். அது சரியாகவே இருக்கட்டும். அப்படியானால் சங்கிலிக்குக் காரணம் மொழியறியாமைகூட அல்ல. சொல்லுக்குப் பொருள் சொல்லும் இடத்தில் கிளாப்ரியோ உட்கார்ந்திருந்தார் என்பது மட்டுமே. என் வாதத்துக்கு இது இன்னும் வசதி.

இது கிரேக்கத்துக்கு மட்டும் உரிய கதையுமல்ல. உரோமர் முதன்முதலாக இத்தாலிக்கு வெளியே கடல் தாண்டியது கி.மு. 264இல். சிசிலியின் மெசானா நகரைக் கைப்பற்றி வைத்திருந்த கூலிப்படையினர் சிராக்கூஸ் மன்னனுக்கு அஞ்சிக் கார்த்தேஜையும் அழைத்தார்கள், உரோமையும் அழைத்தார்கள். அதிலிருந்து எழுந்த போர் 23 ஆண்டு நடந்தது, முடிவில் சிசிலி உரோமின் முதல் மாகாணமாயிற்று. கி.மு. 58இல் கோல் நாட்டுக்குள் சீசர் நுழைந்த கதை இன்னும் வேடிக்கையானது. செக்குவானியர் தங்கள் அயலவரான ஏதுவியரை அடக்க ரைன் நதிக்கு அப்பாலிருந்து அரியோவிஸ்டஸை அழைத்தார்கள். அரியோவிஸ்டஸ் செக்குவானியரின் நிலத்திலேயே குடியேறிவிட்டார். அவரைத் துரத்த ஏதுவியர் சீசரை அழைத்தார்கள். எட்டு ஆண்டில் கோல் முழுவதும் சீசருடையது.

இங்கே ஒரு கண்டனம் எழும், அது நியாயமானதும்கூட. இப்படிப் பேசுவது குற்றத்தை அழைத்தவன் தலையில் கட்டிவிடுவதாகாதா? பத்தொன்பதாம் நூற்றாண்டில் மொம்சென் போன்ற பெரிய அறிஞர்களே, உரோமர் விரும்பாமலே, நண்பரைக் காக்கப் போய், பேரரசை அடைந்தார்கள் என்ற தொனியில் எழுதினார்கள். ஆங்கிலேயப் பேரரசின் காலத்தில் அந்த விளக்கம் பலருக்கும் இனித்தது. 1979இல் வரலாற்றாசிரியர் வில்லியம் ஹாரிஸ் அதை உடைத்தார். குடியரசு உரோமில் அநேகமாக ஒவ்வோர் ஆண்டும் படை புறப்பட்டது. பதவிக்கு வந்தவனுக்குப் புகழும் செல்வமும் போரில்தான் கிடைத்தன. படையெடுக்கும் பசி அந்தச் சமூகத்தின் உள்ளேயே இருந்தது என்று அவர் காட்டினார். நான் ஹாரிஸோடு நிற்கிறேன். கடலுக்குப் பசி உண்டு. மணல்மேட்டை யார் வெட்டினார்கள் என்று கேட்பதால் கடல் உப்பில்லாததாகிவிடாது. ஆனால் பசி மட்டுமே பேரரசைக் கட்டுமென்றால் பசித்த அரசுகள் எல்லாம் பேரரசுகளாகியிருக்க வேண்டும். கோலரும் பசித்தவர்கள்தான், கி.மு. நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உரோமையே கொள்ளையடித்தார்கள், போனார்கள். தங்கியவர்களுக்கும் போனவர்களுக்கும் உள்ள வேறுபாட்டைப் பசி விளக்காது. தங்குகிறவனுக்கு உள்ளே யாரோ ஒருவர் பயன்படவேண்டும், உள்ளே இருக்கும் யாரோ ஒருவருக்கு அவன் பயன்படவேண்டும்.

இன்னொரு கண்டனம் இதைவிடக் கடினம். கார்த்தேஜை யாரும் அழைத்துக் கொடுக்கவில்லையே, யாழ்ப்பாணத்தை 1619இல் போர்த்துக்கேயத் தளபதி பிலிப் டி ஒலிவேரா வாளால்தானே பிடித்தார் என்று கேட்கலாம். யாழ்ப்பாணத்தைப் பொறுத்தவரை, 1591இலேயே போர்த்துக்கேயப் படை எதிர்மன்னசிங்கனை அரியணையில் ஏற்றிவிட்டது. 1619இல் அங்கே ஆண்ட சங்கிலி குமாரன் எதிர்கொண்டது 28 ஆண்டுக்கு முன்பே திறந்துவிட்ட வாசலை. கார்த்தேஜில் நான் ஓரளவு விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கிறது. கி.மு. 149இல் கார்த்தேஜியர் தங்கள் ஆயுதங்களை எல்லாம் ஒப்படைத்தார்கள். அதன்பின் நகரை விட்டுக் கடலிலிருந்து 80 ஸ்தாதியம், ஏறக்குறைய 15 கிலோமீற்றர், உள்ளே போய்க் குடியிருங்கள் என்று ஆணை வந்தது. மூன்றாண்டு முற்றுகைக்குப்பின் நகரம் எரிந்தது. அங்கே உள்ளிருந்து வெட்டியவர் இல்லை. அயலில் நுமிடிய மன்னன் மசினிசாவும் உத்திக்கா நகரத்தாரும் உரோமுக்கு வழிவிட்டார்கள் என்றாலும், அழிக்கும் முடிவு செனட்டில் முன்பே எடுக்கப்பட்டது. ஆனால் கவனியுங்கள், அங்கே பேரரசு கட்டப்படவில்லை, ஒரு நகரம் அழிக்கப்பட்டது. அந்த இடம் நூறாண்டுபோலப் பாழாய்க் கிடந்தது. வாள் தனியாகச் செய்யக்கூடியது அவ்வளவுதான்.

வணிகக் கம்பனியை உரோமக் குடியரசோடு ஒப்பிடுவது பொருந்துமா என்ற ஐயமும் வரும். கம்பனிக்குப் பங்குதாரர் உண்டு, இலாபக் கணக்கு உண்டு; செனட்டுக்கு இவை இல்லை. வேறுபாடு உண்மையானது. அது எங்கே வெளிப்படுகிறது என்றால், எதைத் திருப்பிக் கொடுத்தார்கள் என்பதில். ஒல்லாந்தர் திருகோணமலையையும் மட்டக்களப்பையும் மன்னனிடம் ஒப்படைக்கத்தான் செய்தார்கள். கறுவா விளையும் தென்மேற்குக் கரைக் கோட்டைகளை ஒப்படைக்கவில்லை. 1656இல் கொழும்பு விழுந்தபோது மன்னனின் ஆட்களை நகருக்குள் விடவே இல்லை. உடன்படிக்கையை மதித்ததற்குச் சான்றாக மட்டக்களப்பைக் காட்டுவோர் இலாபப் பட்டியலையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும். உரோமரும் கி.மு. 196இல் கிரேக்கரின் விடுதலையைக் கொரிந்துக்கு அருகே விளையாட்டு விழாவில் அறிவித்து, கிரேக்கத்தின் விலங்குகள் என்று பெயர்பெற்ற தெமத்திரியாஸ், கல்கிஸ், கொரிந்து மலைக்கோட்டை மூன்றிலிருந்தும் இரண்டாண்டில் வெளியேறினார்கள். அரை நூற்றாண்டு கழிந்து, கி.மு. 146இல், அதே கொரிந்து தரைமட்டமாயிற்று. 1660களில் ஒல்லாந்தர் மட்டக்களப்புக்குத் திரும்பி வந்தார்கள், இம்முறை கேட்காமலே. திரும்பிப் போவதற்கும் கைவிடுவதற்கும் வேறுபாடு உண்டு. வாசலைத் திறக்கும் வழி தெரிந்தவர் வெளியே நின்றால் என்ன, உள்ளே நின்றால் என்ன?

அழைப்பின் கடைசி எல்லை உயில். கி.மு. 133இல் பெர்கமன் மன்னன் மூன்றாம் அத்தாலஸ் பிள்ளையின்றி இறந்தபோது அரசை உரோம மக்களுக்கு எழுதிவைத்திருந்தான். அரிஸ்தோனிக்கஸ் தலைமையில் கிளர்ச்சி எழுந்தது, நான்காண்டில் அடங்கியது. பத்தாண்டில் அந்த மாகாணத்தின் வரி வசூலிக்கும் உரிமை உரோமிலேயே ஏலத்தில் விடப்பட்டது. நம் பக்கத்தில் கோட்டை இராச்சியத்து மன்னன் தொன் யுவான் தர்மபாலன் 1580இல் தன் அரசைப் போர்த்துக்கல் மன்னனுக்கு எழுதிக் கொடுத்தான், 1597இல் இறந்தான். போர்த்துக்கேயர் தம்மை வெற்றியாளர் என்று சொல்லிக்கொள்வதைவிட வாரிசு என்று சொல்லிக்கொள்வதையே விரும்பினார்கள். வெற்றியாளனை எதிர்க்கலாம். வாரிசை எதிர்ப்பவன் கலகக்காரன்.

இதுவரை சொன்னதில் அழைத்தவர் எல்லாரும் மன்னர்களும் சபைகளும். வாவிக்கரை மக்களை எவரும் கேட்கவில்லை. 1766 பெப்ரவரியில் கண்டி மன்னன் கீர்த்தி சிறி இராஜசிங்கன் ஒரு தோல்விக்குப் பின் கரையோரம் முழுவதையும் கம்பனிக்கு எழுதிக் கொடுத்தபோதும் கேட்கவில்லை. 1795இல் ஆங்கிலேயர் புளியந்தீவில் கொடியை மாற்றியபோதும் கேட்கவில்லை. அப்படியானால் என் வாதம் அரண்மனைகளோடு நின்றுவிடுகிறதா? நின்றுவிடவில்லை, கீழே வரும்போது இன்னும் நுண்மையாகிறது. கோட்டை புளியந்தீவில் இருக்கலாம். வேளாண்மை படுவான்கரையில் இருந்தது. எந்த வட்டையில் எத்தனை அவணம் விதைப்பு, எந்தக் குளம் எப்போது திறக்கவேண்டும், களத்தில் பொலி எவ்வளவு என்பது நிலக்கிழாரான போடிமாருக்கும் வயல்நீரைக் கவனிக்கும் வட்டவிதானைமாருக்கும்தான் தெரியும். மாகோன் என்ற அரசன் வகுத்ததாக மட்டக்களப்பு மான்மியம் என்ற பழைய நூல் சொல்லும் குடி முறையும், கோயில் வரிசைகளும், பற்றுப் பிரிவுகளும் இந்த அறிவைத் தாங்கி நின்றன. உரோமர் சிசிலியில் செய்ததும் இதுவே: சிராக்கூஸ் மன்னன் ஹீரோன் வகுத்த பத்திலொரு பங்குத் தானிய வரியை அவன் பெயராலேயே தொடர்ந்தார்கள். ஆங்கிலேயர் காலத்திலும் இலங்கையில் நெல்வரி பொதுவாகப் பத்திலொன்று. குத்தகைக்காரர் அதை வசூலித்த காலமும் உண்டு, 1892ஆம் ஆண்டுச் சட்டம் வரியையே ஒழித்தது. மட்டக்களப்பின் ஒல்லாந்தத் தலைவராக 1784 முதல் 1794 வரை இருந்த சுவிற்சர்லாந்தவரான பேர்னாண்ட், நெல் உற்பத்தியைப் பெருக்குவதில் பத்தாண்டு உழைத்தார். ஆள்வதற்குப் போடி தேவைப்பட்டார். போடிக்கும் தன் நிலத்தையும் மதிப்பையும் அயலவர் முன் உறுதிப்படுத்த ஆள்வோரின் பட்டம் தேவைப்பட்டது. கோறளைப்பற்று, ஏறாவூர்ப்பற்று, மண்முனைப்பற்று, போரதீவுப்பற்று என்ற பெயர்கள் இன்றும் பிரதேச செயலகப் பலகைகளில் நிற்பது இந்தக் கொடுக்கல் வாங்கலின் மிச்சம். பாரிஸ் என்ற பெயரில் சீசரோடு போரிட்ட பரிசியர் நிற்பதுபோல.

கொக்கட்டிச்சோலையில் கல் நந்தி எழுந்து புல் தின்று அந்நியத் தளபதியை வெருட்டியது என்று ஊரார் சொல்லும் கதையைக் கட்டுக்கதை என்று தள்ளுவது எளிது. அது எங்கே நடப்பதாகச் சொல்கிறார்கள் என்று பாருங்கள். கோட்டை வாசலில் அல்ல, படுவான்கரைக் கோயிலில். இந்த எல்லைக்கு அப்பால் நீ வரவில்லை என்று ஒரு சமூகம் நினைவில் கோடு கிழித்துக்கொள்கிறது. அந்தக் கோடு பெருமளவு உண்மைதான். ஆனால் வேறொரு வாயால் பேரரசு வந்தது, அந்த வாயை எந்த நந்தியும் காக்கவில்லை.

அது நீதிமன்றம். 1799 செப்டெம்பர் 23இல் ஆங்கிலேயர் விடுத்த பிரகடனம் ஒல்லாந்தர் காலத்துச் சட்டங்களே தொடரும் என்றது. அந்தச் சட்டத்தின் பெயரே உரோமன் டச்சுச் சட்டம். உரோமப் பேரரசர் யுஸ்டினியானுஸ் தொகுத்த சட்டம் ஒல்லாந்து வழியாக வந்து இலங்கையின் பொதுச் சட்டமாயிற்று. உரோமப் படை ஒருநாளும் காணாத வாவிக்கரையில் உரோமச் சட்டம் இன்றும் நடக்கிறது. இதை எவரும் வாளால் கொண்டுவரவில்லை. வழக்காளி கொண்டுவந்தார். யோர்தான் நாட்டுப் பக்கம் நபத்திய அரசை கி.பி. 106இல் உரோமர் சேர்த்துக்கொண்டார்கள். அங்கே பபத்தா என்ற யூதப் பெண் தன் மகனின் பாதுகாவலர் போதிய பணம் தரவில்லை என்று உரோம ஆளுநரிடம் முறையிட்ட பத்திரங்கள் சாக்கடலோரக் குகையொன்றில் 1961இல் கிடைத்தன. கணவனை இழந்த பெண் ஒருத்தி தன் பிள்ளையின் உரிமையைக் கேட்கிறாள், அவ்வளவே. ஆனால் அப்படி முறையிட்ட ஒவ்வொருவரும் மேட்டில் ஒரு மண்வெட்டி மண்ணை எடுத்தார்கள். இலங்கையின் கிழக்கிலும் இதுவே. ஆணின் சொத்து அவன் சகோதரியின் பிள்ளைகளுக்குப் போவது மட்டக்களப்பில் வழங்கிய முக்குவர் உரிமை முறை. அந்த முறைக்குள் பிறந்து, தகப்பனின் வயல் தனக்கில்லையே என்று ஏங்கிய மகனுக்கு நீதிமன்றம் பகையிடமாகத் தெரிந்திருக்க நியாயமில்லை.

யாழ்ப்பாணத்து வழக்கச் சட்டமான தேசவழமையை 1707இல் ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் எழுத்தில் தொகுத்தார். முக்குவர் முறைக்கு ஒல்லாந்தர் அப்படியொரு தொகுப்புச் செய்யவில்லை. கிறிஸ்தோபர் பிரிட்டோ அதை நூலாக்கியது 1876இல். அதே ஆண்டின் 15ஆம் இலக்கத் திருமண உரிமை, வழியுரிமைக் கட்டளைச் சட்டம் கண்டியரையும் முஸ்லிம்களையும் தேசவழமைக்கு உட்பட்ட வடக்குத் தமிழரையும் விலக்கி வைத்து, மற்றவர்க்கெல்லாம் ஒரே முறையை விதித்தது. மட்டக்களப்பார் அந்த மற்றவருக்குள் அடங்கினார்கள். எழுதி வைத்தவருக்கு விலக்குக் கிடைத்தது, நினைவில் வைத்தவருக்குக் கிடைக்கவில்லை என்றே இதை நான் படிக்கிறேன். 1638இன் இரண்டு தாள்களுக்குப்பின் இது மூன்றாவது தாள். இம்முறை நம்மிடம் படியே இல்லை.

அப்படியும் தாய்வழிக் குடி போய்விடவில்லை. வீடும் வளவும் இன்றும் மகளுக்கே போகின்றன. மருமகன்தான் வந்து சேருகிறான். கோயில் திருவிழாவில் குடி கேட்டால் தாயின் குடியைச் சொல்கிறார்கள். மகளுக்கு வீட்டைக் கொடுக்கும் தாய் நொத்தாரிசிடம் போய் நன்கொடை உறுதி முடிக்கிறார். அந்த உறுதியின் கடைசியில், இந்த நன்கொடையை நான் ஏற்றுக்கொள்கிறேன் என்று மகள் சொல்லிக் கையொப்பமிடும் ஒரு பந்தி இருக்கும். பெறுகிறவர் ஏற்காமல் கொடை முற்றுப்பெறாது என்பது உரோமன் டச்சுச் சட்டத்தின் விதி. மட்டக்களப்பில் அந்தப் பந்திக்குக் கீழே பெரும்பாலும் ஒரு பெண்ணின் பெயர்தான் இருக்கிறது.